தொட்டு வைத்த வெற்றிலை

“…ஆற்றையோ வீட்டு வெத்திலையாலை வாய் நல்லாச் சிவந்துதானே கிடக்கு அண்ணை. எங்கட தட்டத்தை மட்டும் ஏன் தொட்டுப்போட்டு வைக்கிறியள்?”

மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தகப்பனான என்னிடம் இப்படிக் கேட்டதும் மாப்பிள்ளையின் தகப்பன் பயத்தம் பணியாரத்தைக் கடிக்கப் போன வாயோடு அப்படியே இருந்துவிட்டார். என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் தட்டத்தைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று அடுக்கிய வெற்றிலை, சீவல் பாக்கு, சிமிழில் சுண்ணாம்பு, ஓரத்தில் ஒரு சீப்பு கதலிப்பழம்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி ஒத்துவந்தால், மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வந்த தட்டத்திலிருந்து பெண்ணின் தகப்பன் ஒரு வெற்றிலை எடுத்து, பாக்கு வைத்து, அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே வாயில் போட வேண்டும். போட்டால் சம்மதம். தொட்டு வைத்தால், யோசித்துச் சொல்கிறோம் என்று கருத்து. அதுவும் முதலே வாய் சிவந்த ஒருவன் தொட்டு வைத்தால் கதை இன்னும் கெட்டது. வேறு வீட்டாரின் தட்டத்தில் வெற்றிலை போட்டுவிட்டு, இவர்களையும் கூப்பிட்டு இருத்திப் பகிடி பண்ணுகிறான் என்றுதான் எடுப்பார்கள்.

என் வாய் சிவந்தது வெற்றிலையால் அல்ல, பீற்றூட்டால். அதை நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஆட்டோ விடுகிறவன். பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. எனக்கு ஆட்கள்தான் புத்தகம். பின் சீற்றில் ஏறுகிறவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற சொல்லை எல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்வேன். கிண்ணியாவிலிருந்து வந்து போகிற ஒரு புடவை வியாபாரி, “வெத்திலை இல்லாமல் கதைக்கிறது ஆறின தேத்தண்ணி குடிக்கிற மாதிரி” என்பார். மீன் சந்தைக்குப் போகிற ஒரு அக்கா, “என்ர வயிறு சும்மா கிடக்கும் தம்பி, வாய் கிடக்காது” என்பாள். இரண்டையும் நான் வாழ்க்கையாகவே வைத்திருந்தேன். எங்கள் ஆட்டோத் தரிப்பில் ஐந்தாறு பேருக்கு ஒரே வெற்றிலைப் பை. கப்பல் ஆட்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும், வெயிலில் நித்திரை வராமல் இருக்க வேண்டும், ஊர்க்கதை கதைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்தப் பைதான்.

புகையிலை கூடாது என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அதை மட்டும் விட்டேன். விட்ட கையோடு தரிப்பில் பெரிய கதையும் அளந்தேன். “பாக்கும் சுண்ணாம்பும் மருந்தடா, செமிபாட்டுக்கு நல்லது” என்று எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். புகையிலையை விட்ட பெருமையில் பாக்கு இரட்டிப்பாகியதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

முதலில் கறிதான் வாயில் எரியத் தொடங்கியது. மனைவியோடு சண்டை பிடித்தேன். “ஏனப்பா, இந்தத் தூளைக் கொட்டினனீரோ, போட்டனீரோ?”

“இஞ்சாருங்கோ, நான் போட்டது அதே தூள், அதே கரண்டி. உங்கட வாய்தான் மாறிப்போச்சு.”

அடுத்த நாள் தரிப்பில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெள்ளையாக ஒரு தடம். சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்தேன். வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் தேய்த்தேன். அது போகவில்லை.

மனைவியோடு பல் கிளினிக்குக்குப் போன அன்று ஆட்டோவை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். எங்கள் ஆட்கள் எவனாவது கண்டால் கதை எங்களுக்கு முன் மகளிடம் போய்விடும். உள்ளே இருந்தது ஒரு இளம் டொக்டர் பிள்ளை. என் மகளின் வயதுதான் இருக்கும். கதிரையைப் பின்னால் சரித்து, வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடித்து, “ஆ எண்டு திறங்கோ ஐயா” என்றார். நான் பாதிதான் திறந்தேன். கறை பிடித்துக் கறுத்த பற்களை அந்தப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே கொண்டுபோய்க் காட்ட எனக்கு அவ்வளவு கூச்சம். நடுச் சந்தியில் வேட்டி அவிழ்ந்தவனைப் போல இருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை தரம் வெத்திலை போடுவீங்கள்?”

நான் ஒரு கணக்குச் சொன்னேன். மூலையில் இருந்த என் மனைவி தொண்டையைச் செருமினாள். “அது பின்னேரக் கணக்கு மட்டும் டொக்டர்” என்றாள்.

“புகையிலை இல்லை டொக்டர்” என்று அவசரமாகச் சொன்னேன். “அதை விட்டிட்டன். பாக்கும் சுண்ணாம்பும்தான்.”

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். ஏச்சு ஒன்றும் இல்லை. “பாக்கும் கூடாது ஐயா. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம், அவ்வளவுதான். பாக்குத் தனியவே வாய்ப் புற்றுநோயைக் கொண்டு வரும்.”

தரிப்பில் நான் மருந்து என்று சொன்ன அதே பாக்கு. என் கதையைக் கேட்டு எத்தனை பேர் தலையாட்டினார்கள் என்று அந்தக் கதிரையில் கிடந்தபடி நினைத்தபோது காது சுட்டது.

கன்னத்திலிருந்து சின்னத் துண்டொன்று எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படியே விட்டால் மாறக்கூடியது. அந்த இடத்தை விறைக்கச் செய்து வெட்டி எடுத்தார்கள். பிறகு டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் இருத்திக் கதைத்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரட், சாராயம் ஒன்றும் ஆகாது. மரக்கறி, இலைவகை, பழம் நன்றாகச் சேர்க்க வேண்டும். எண்ணெயில் பொரித்ததையும் உப்பு ஊறின கருவாட்டையும் குறைக்க வேண்டும். நாள் முழுக்க ஆட்டோவுக்குள் குந்தியிராமல் நடக்க வேண்டும். சொல்கிற திகதியில் வந்து வாயைக் காட்ட வேண்டும்.

“இதெல்லாம் செய்தால் வரவே வராதோ டொக்டர்?” என்று என் மனைவி கேட்டாள்.

“அப்பிடி நான் சத்தியம் பண்ண மாட்டன் அம்மா. வாற வாய்ப்பைக் குறைக்கலாம். இவர் இப்ப வந்ததே பெரிய விசயம். கனபேர் வாய் திறக்க ஏலாமல் போன பிறகுதான் வருகினம்.”

வெளியே வந்து மனைவியும் நானும் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்தோம். ஏறி இருந்த பிறகுதான் சொன்னாள். “வீட்டிலை அந்தச் சொல்லை எடுக்காதேங்கோ. பிள்ளையின்ர விசயம் முடியட்டும்.”

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் மகளுக்கு நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. பாலையூற்றிலிருந்து அவளும், உப்புவெளியிலிருந்து அந்தப் பையனும் வந்து, ஒரே இடத்தில் வேலை செய்து பழகி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. பையன் தன் வீட்டில் சொல்லிவிட்டான், அவர்கள் பேச வருவார்கள் என்ற நிலை. என் பின் சீற்றில் இருந்து தாய்மார் வேறு பெண்களைப் பற்றிக் கதைத்ததை நான் காதால் கேட்டிருக்கிறேன். “நல்ல பெட்டைதான். ஆனால் தகப்பனுக்கு அந்த வருத்தமாமே. நாளைக்குப் பிள்ளையளுக்கும் வந்தால்?” மற்றவள், “வேண்டாமக்கா, வேற பாப்பம்” என்பாள். புற்றுநோயை அந்த வருத்தம் என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் போல. நானும் அப்போது கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனவன்தான்.

ஆகவே எனக்கு அந்த வருத்தம் வரவில்லை என்பதைச் சொல்வதற்குக்கூட அந்தச் சொல்லை எடுக்க வேண்டியிருந்தது. அதனால் எதையுமே சொல்லாமல் விட்டேன்.

நல்ல பழக்கத்துக்கு ஒரு மனிதன் இவ்வளவு ஒளிக்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை. காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். முதல் நாளே தெரிந்த மீன்காரன் சைக்கிளை நிறுத்தினான். “என்னண்ணை, நடந்து திரியிறியள்? தவணை கட்டேல்லை எண்டு லீசிங்காரன் ஆட்டோவைத் தூக்கிட்டானோ?” இல்லையடா என்றால் நம்பவில்லை. “சொல்லுங்கோ, வெட்கப்படாதேங்கோ, எங்கட மச்சானுக்கும் இப்பிடித்தான் நடந்தது” என்று ஆறுதல் வேறு. ஆட்டோக்காரன் நடந்து போனால் ஊர் அனுதாபப்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு தெரிந்த முகம் வந்தால் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ தேடுகிற மாதிரி நடந்தேன்.

சாப்பாட்டிலும் அதே கூத்து. மனைவி சிவப்பரிசிச் சோறும் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் கட்டித் தருவாள். அவள் சமைத்தது தேவாமிர்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தரிப்பில் மற்றவர்கள் கடை வடையையும் பொரித்த மீனையும் கடிக்கும்போது, “என்ன மச்சான், உனக்கும் ஆட்டுக்கும் ஒரே சாப்பாடோ?” என்று கேட்பான் என் பக்கத்தில் ஆட்டோ விடுகிற சிநேகிதன். சிரிக்க வைக்கிறவனாய் இருந்தவன் சிரிக்கப்படுகிறவனானேன்.

எல்லாவற்றையும் விட வெற்றிலைப் பைதான் வதைத்தது. என் கை என்னைக் கேட்காமலே அதற்குப் போகும். வாயில் ஏலக்காய் போட்டுப் பார்த்தேன், பெருஞ்சீரகம் சப்பிப் பார்த்தேன். சிநேகிதன் விடவில்லை.

“என்ன, வாய்க்கு லீவு குடுத்திட்டியோ?”

“பல்லு நோ மச்சான்.”

“பல்லு நோவுக்குத்தானே பாக்கு மருந்து? நீதானே சொன்னனி!”

அவன் சுற்றித் தந்த வெற்றிலையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். “பிறகு போடுறன்” என்று சொல்லிவிட்டு, கடல்முகத்துக்குப் போய் எறிந்தேன். பாக்கு உன் வாயைத் தின்னும் என்று அவனுக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் சப்பிக்கொண்டே இருந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாயை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றவனுக்கு அந்த இலைக்கறி எப்படி உடம்பில் ஒட்டும்?

ஏன் வெற்றிலை போடுவதில்லை என்று வீட்டில் மகளும் கேட்டாள். அவளுக்குப் பல் நோ என்று சொன்னால் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விடுவாள். அதனால், “நேத்திக்கடன் பிள்ளை. உன்ர காரியம் நல்லபடி முடிய வேணும் எண்டு வெத்திலையை விட்டனான்” என்றேன். அவள் கண் கலங்கி என் தோளில் தலையை வைத்தாள். அந்தத் தலையின் பாரத்தை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அவர்கள் வருகிற நாள் வந்தது. தட்டம் வரும் என்பது எனக்குத் தெரியும். காலையிலிருந்து அதே யோசனை. குசினியில் மனைவி மத்தியானக் கறிக்குப் பீற்றூட் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல், பலகை, கத்தி எல்லாம் சிவப்பு. எனக்கு மூளையில் மின்னல் அடித்தது. வாய் நிறைய வெற்றிலை இருக்கிறவனை இன்னொன்று போடு என்று யார் வற்புறுத்துவார்கள்? “இப்பதான் போட்டனான்” என்று ஒரு சொல் போதுமே.

பச்சையாக ஒரு பெரிய துண்டை எடுத்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று சப்பினேன். உதட்டிலும் பூசினேன்.

“கூத்துக்கு வேசம் கட்டுறியளோ?” என்று மனைவி கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். “நாக்கிலையும் பூசுங்கோ” என்றாள். இரண்டு பேரும் கலியாண வயதுப் பிள்ளையின் தாய் தகப்பன். திருடர் மாதிரிக் கதவைச் சாத்திவிட்டு நின்றோம்.

வாய் சிவந்திருந்தால் அந்தச் சபையில் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. ஒளிப்பதில் அவ்வளவு கவனம்.

பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. பையனின் தகப்பன் அதிகம் கதைக்காத மனிதர், பணியாரத்தோடு திருப்திப்பட்டார். தாய்தான் கதைகாரி. கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே கலகலவென்று கதைத்தா. எனக்கு அவவைப் பிடித்துப்போனது. கடைசியில் தட்டத்தை என் முன்னால் தள்ளினா. நான் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, “இப்பதான் போட்டனான் தங்கச்சி” என்று திருப்பி வைத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஆற்றையோ வீட்டு வெத்திலை.

“அப்பிடி ஒண்டும் இல்லை” என்று தடுமாறினேன்.

குசினி வாசலில் நின்ற மகளுக்குப் பொறுக்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, “மாமி, அப்பா இப்ப வெத்திலையே போடுறதில்லை. எனக்காக நேத்தி வச்சிருக்கிறார்” என்றாள்.

அந்த அம்மா என் மகளைப் பார்த்தா, பிறகு என் உதட்டைப் பார்த்தா. “நேத்தியோ? இவர் இப்பதான் போட்டதெண்டல்லோ சொன்னவர்? நேத்திக்காரருக்கு வாய் ஏன் சிவப்பு?” தட்டத்தைத் தன் பக்கம் இழுத்தா. “பிள்ளையிலை எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் வாசலிலேயே ரெண்டு கதை கதைக்கிற வீட்டிலை நாங்கள் எப்பிடி அண்ணை…”

மகளின் முகம் செத்துப்போனது. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் கையை நீட்டித் தட்டத்தைப் பிடித்தேன். ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் வைத்து நீவினேன். சுண்ணாம்பு பூசினேன். பாக்கை எடுத்தேன். ஒன்றே ஒன்று, பிள்ளைக்காக. அது பொய். பிள்ளைக்காக மட்டும் இல்லை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் வாயெல்லாம் ஊறியது. கிடைத்தது சாட்டு என்று நாக்கு துள்ளியது. மகளின் வாழ்க்கையைக் காட்டி என் ஆசையைத் தீர்க்கப் பார்க்கிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

“வேண்டாமப்பா!” என்றாள் என் மனைவி. அவளுக்குப் பிள்ளையின் கலியாணமும் வேண்டும், நானும் வேண்டும்.

வெற்றிலையைத் தட்டத்தின் ஓரத்தில் வைத்தேன்.

“இது பீற்றூட் தங்கச்சி” என்றேன்.

“என்னது?”

“பீற்றூட். வெத்திலை போட்ட மாதிரி இருக்கட்டும் எண்டு காலமை பச்சையாச் சப்பினனான்.”

மாப்பிள்ளையின் தகப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பீற்றூட்டோ!” என்று தொடங்கி, மனைவியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னேன். கன்னத்துக்குள் வெள்ளையாக வந்ததையும், துண்டு வெட்டிச் சோதித்ததையும், பாக்கே ஆகாது என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத அந்தச் சொல்லையும் எடுத்தேன். “புற்றுநோய் இல்லையாம் தங்கச்சி. விட்டிருந்தால் வந்திருக்கலாமாம். திரும்ப வாயைச் சிவப்பாக்கினால் வரவும் கூடுமாம். இதைச் சொன்னால் பிள்ளையை வேண்டாமெண்டு போயிடுவியளோ எண்டு பயம். அதுதான் இந்தக் கூத்து. பிள்ளைக்கு இது தெரியாது, அவளிலை கோவிக்காதேங்கோ.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சந்தோசமான ஒரு நாளில், முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால், தகப்பனின் நோயைப் பற்றிக் கேள்விப்பட்டாள். இதைவிட நான் அவளை எப்படி அவமானப்படுத்த முடியும்?

மாப்பிள்ளையின் தாயின் தாடை அசைவது நின்றிருந்தது. பிறகு, முன்னைய கலகலப்பு இல்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டா.

“நொந்ததோ அண்ணை, அது?”

“இல்லை. நோகாததாலைதான் கனநாள் கவனிக்காமல் விட்டனான். காரம் பட்டால் மட்டும் எரியும்.”

“வெட்டி எடுக்கேக்கை?”

“விறைக்க ஊசி போடுவினம். எறும்பு கடிச்ச மாதிரி.”

“பொம்பிளை டொக்டரோ?”

“ஓம். நல்ல பிள்ளை. ஏச மாட்டா.”

அவ எழுந்தா. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறா என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். தட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவ முற்றத்துப் பைப்படிக்குப் போனா. துப்புகிற சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர் விழுகிற சத்தம், திரும்பத் திரும்பக் கொப்பளிக்கிற சத்தம். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வாசல்படியில் நின்றா. உள்ளே வரவில்லை.

“சம்பந்தி, இஞ்சாலை வெளிச்சத்துக்கு ஒருக்கா வாங்கோ” என்றா.

நான் போனேன். புருசனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பகல் வெளிச்சத்துக்கு முகத்தை நிமிர்த்தி, இடக் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தா.